நுண் மின்னழுத்தமானிகளில் நேரும் பிழைகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

அளவு கருவி ஒன்று முற்றிலும் பழுதுற்று நின்றுவிடுமாயின் அதனால் விளையும் தீங்கு சிறிதே. முள் அசையாது, எண்கள் தோன்றா. கருவி கெட்டுவிட்டதென்பதை எவரும் உடனே அறிந்துகொள்வர். ஆனால் ஓடிக்கொண்டே பிழையாக அளக்கும் கருவி அத்தகையதன்று. அது காட்டும் எண் உண்மையான எண்ணைப் போலவே தோன்றும். அதை நம்பி ஒருவர் கரைசலில் அமிலம் சேர்ப்பார். மற்றொருவர் உலையின் ஆற்றலை உயர்த்துவார். ஆகவே நுண்ணிய மின்னழுத்தத்தை அளக்கும் கருவிகளைக் கையாள்வோர், கெட்ட கருவியைப் பழுது பார்க்கக் கற்பதோடு, நன்றாக இயங்குவதுபோல் தோன்றும் கருவியை ஐயுறவும் கற்றல் வேண்டும். இப்பிழைகள் எங்கிருந்து தோன்றுகின்றன, அவற்றை எவ்வரிசையில் தேடிக் கண்டறியலாம் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

டிராம்பேயில் தோன்றிய தேவை

மும்பையின் செம்பூருக்கு அப்பால், கடலை ஒட்டியுள்ள டிராம்பேயில், 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் 'அப்ஸரா' அணு உலை இயங்கத் தொடங்கியது. சோவியத் நாட்டை நீக்கிப் பார்த்தால், ஆசியாவில் இயங்கிய முதல் அணு உலை அதுவே. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. ஆனால் உலையைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகளை நம் நாட்டுப் பொறியாளரே அமைத்தனர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் ஏ. எஸ். ராவ் முதலியோர் தொடங்கிய இம்மின்னணுப் பணி, பின்னர் டிராம்பேயில் வளர்ந்தது. 1967-ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் இந்திய மின்னணுக் கழகம் என்னும் பொதுத்துறை நிறுவனம் நிறுவப்பட்டதற்கு இப்பணியே அடிப்படை. அப்ஸரா 2009-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது; அதன் இடத்தில் அமைந்த புதிய உலை 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் இயங்கத் தொடங்கியது.

அணு உலையின் ஆற்றலை அறிய உதவும் கருவிகளுள் ஒன்று அயனிக் கலம். வாயு நிரப்பிய கலம் ஒன்றில் இரு மின்வாய்கள் இருக்கும். ஒன்றிற்கு, எடுத்துக்காட்டாக, 300 வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கப்படும். கதிர்வீச்சு வாயுவில் பாயும்போது அயனிகள் தோன்றி, மற்றொரு மின்வாயில் சேர்ந்து மிகச் சிறிய மின்னோட்டமாக வெளிவரும். கதிர்வீச்சு குறைவாக உள்ளபோது இம்மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் 10,000 கோடியில் ஒரு பங்கே இருத்தல் கூடும். இதனை நேரே அளக்க இயலாது. ஆகவே 1,000 கோடி ஓம் அளவுள்ள பெருந்தடை ஒன்றின் வழியே அதைப் பாய்ச்சி, தடையின் இரு முனைகளுக்கிடையே தோன்றும் மின்னழுத்தத்தை அளக்கின்றனர். மேற்கூறிய மின்னோட்டத்திற்கு அது 0.1 வோல்ட் ஆகும்.

ஒரு வோல்ட்டில் பத்திலொரு பங்கை அளப்பது எளிய வேலைதானே எனத் தோன்றலாம். சாதாரண வோல்ட்மீட்டருக்கே அது எளிது. ஆனால் இங்கு மின்னழுத்தத்தைத் தருவது 1,000 கோடி ஓம் தடை. அளக்கும் கருவி இத்தடையிலிருந்து சிறிதளவு மின்னோட்டத்தை ஈர்த்தாலும் அளக்கப்படும் மின்னழுத்தமே சரிந்துவிடும். இதுவே நுண் மின்னழுத்தமானியின் அடிப்படைச் சிக்கல்.

கருவியே பிழைக்குக் காரணமாதல்

மின்னழுத்தமானிக்கும் ஓர் உள்தடை உண்டு. அளக்கப்படும் மூலத்தின் தடையும் கருவியின் உள்தடையும் மின்னழுத்தத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. இன்று பரவலாக வழங்கும் எண்காட்டு வோல்ட்மீட்டர்களின் உள்தடை பெரும்பாலும் 1 கோடி ஓம். மூலத்தின் தடை 10 லட்சம் ஓம் எனின், உண்மையில் 1 வோல்ட் உள்ள இடத்தில் கருவி 0.909 வோல்ட் காட்டும். கருவியில் பழுது ஏதுமில்லை. ஆயினும் அளவு நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைகின்றது. எனவே பிழையைத் தேடப் புகுமுன், இக்கருவி இவ்வேலைக்கு ஏற்றதுதானா என்பதை முதலில் வினவ வேண்டும்.

உள்தடை மிகப் பெரிதாக அமைந்த மின்னழுத்தமானியை எலக்ட்ரோமீட்டர் என்பர். தொடக்க காலத்தில் இதற்கெனத் தனியே செய்யப்பட்ட வெற்றிடக் குழல்கள் பயன்பட்டன. இக்குழல்களின் மீது ஒளி படுதலும் ஆகாது. ஒளியால் மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்பட்டு அளவைக் கெடுக்கும் என்பதால் அவற்றை இருட்டறையில் அடைத்து வைத்தனர். பின்னர் அதிரும் மின்தேக்கியைக் கொண்ட எலக்ட்ரோமீட்டர் வந்தது. இதில் மின்தேக்கியின் ஒரு தகடு இடைவிடாது அதிர்வதால், மாறாத மின்னழுத்தம் மாறுதிசை மின்னழுத்தமாக மாறும். மாறுதிசை அலையைப் பெருக்குவது எளிது; சுழியம் நகர்ந்து செல்லும் தொல்லையும் இதில் குறைவு. இன்று புலவிளைவு டிரான்ஸிஸ்டர்கள் இவ்விரண்டின் இடத்தையும் பெருமளவு பிடித்துவிட்டன. கருவி மாறினும் பிழையைத் தேடும் நெறி மாறவில்லை.

நால்வகைச் சோதனைகள்

அனுபவமில்லாதவர் கருவியின் பெட்டியை உடனே திறந்துவிடுவர். அனுபவமுள்ளவரோ பெட்டியைத் திறக்குமுன் நான்கு சோதனைகளைச் செய்து, பிழை இருக்கும் இடத்தை வெளியிலிருந்தே குறுக்கிக்கொள்வர்.

முதலாவது, சுழியச் சோதனை. கருவியை இயக்கிப் போதிய நேரம் சூடேற விட்டபின், அதன் உள்ளீட்டு முனைகள் இரண்டையும் தூய செம்புக் கம்பியால் இணைக்க வேண்டும். கருவி சுழியத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிடில் பிழை கருவிக்குள்ளேயே உள்ளது. அளக்கப்படும் பொருளின் மீது பழி சுமத்தலாகாது. சூடேறும் வரையில் சுழியம் நகர்வது இயல்பு; மணிக்கணக்கில் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருப்பது இயல்பன்று.

இரண்டாவது, அறிந்த மின்னழுத்தச் சோதனை. உள்தடை குறைந்ததும், அளவு நன்கறியப்பட்டதுமான மின்னழுத்தம் ஒன்றைக் கருவிக்குத் தர வேண்டும். ஒரே அளவோடு நில்லாமல், கருவியின் வீச்சில் நான்கைந்து இடங்களில் தந்து, காட்டும் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வீச்சு மாற்றச் சோதனை. அதே மின்னழுத்தத்தை இரு வேறு வீச்சுகளில் அளந்து ஒப்பிட வேண்டும்.

நான்காவது, பெருந்தடைச் சோதனை. மூலத்திற்கும் கருவிக்கும் இடையே பெரிய தடை ஒன்றைச் சேர்த்து மீண்டும் அளக்க வேண்டும். அளவு மாறுமாயின், கருவியின் வாயிலில் மின்னோட்டம் எங்கோ கசிகின்றது என்பது தெளிவு.

இந்நான்கின் முடிவுகளையும் சேர்த்து நோக்கினால் பிழை தானே தன்னிடத்தைக் காட்டும். எல்லா இடங்களிலும் பிழை ஒரே அளவாக, எடுத்துக்காட்டாக எங்கும் 2 மில்லிவோல்ட் மிகுதியாக, இருப்பின் அது சுழியத்தின் பிழை. பெருக்கியின் முதற் கட்டத்தில் தேட வேண்டும். அளவு உயர உயரப் பிழையும் அதே விகிதத்தில் உயருமாயின், கருவிக்குள் உள்ள ஒப்பீட்டு மின்னழுத்தமோ பின்னூட்டத் தடையோ மாறியுள்ளது. ஒரே ஒரு வீச்சில் மட்டும் பிழை எனின், அவ்வீச்சுக்குரிய தடையையும் சுழல் மாற்றியின் அவ்விடத்துத் தொடுமுனையையும் ஆராய வேண்டும். வீச்சின் மேலெல்லையில் மட்டும் அளவு தேங்கி நிற்குமாயின் மின்வழங்கியின் அழுத்தம் குறைந்துவிட்டது. பெருந்தடையைச் சேர்த்தபோது மட்டும் பிழை தோன்றின், அது மின்காப்பின் குறை, அல்லது முதற் கட்டக் குழலோ டிரான்ஸிஸ்டரோ மிகுந்த மின்னோட்டத்தை ஈர்ப்பதன் விளைவு.

கடைசியாகக் கூறிய இரண்டையும் பிரித்தறிவதும் எளிதே. மூலம் ஏதுமின்றி, உள்ளீட்டு முனைகளுக்கிடையே 10 லட்சம் ஓம் தடையை மட்டும் இணைக்கவும். கருவி 100 மைக்ரோவோல்ட் காட்டுமாயின், அத்தடையின் வழியே ஓர் ஆம்பியரில் 1,000 கோடியில் ஒரு பங்கு மின்னோட்டம் கருவியிலிருந்தே வெளிவருகின்றது என்று பொருள். மின்காப்பில் மட்டுமே குறை இருந்தால், மூலமில்லாதபோது இவ்வாறு எதுவும் காட்டாது.

மழைக்காலமும் மின்காப்பும்

மும்பையில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரையில் காற்றின் ஈரம் மிகுந்திருக்கும். கடற்காற்றில் உப்பும் கலந்திருக்கும். மின்காப்புப் பொருளின் மேற்பரப்பில் தூசியும், உப்பும், விரல்பட்ட இடத்தின் எண்ணெய்ப் பசையும் சிறிதளவு இருந்தால் போதும். ஈரம் அவற்றில் படிந்து, கண்ணுக்குத் தெரியாத கடத்தும் படலம் ஒன்று தோன்றிவிடும். பொருளின் உட்பகுதி சிறந்த காப்பாகவே இருக்கும், மேற்பரப்போ கசியும்.

இக்கசிவு அயனிக் கலத்தில் என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,000 கோடி ஓம் பெருந்தடைக்குப் பக்கவழியாக 10,000 கோடி ஓம் கசிவுத்தடை ஒன்று அமைந்துவிட்டதெனக் கொள்வோம். இரண்டும் இணைந்த தடை ஏறத்தாழ 909 கோடி ஓம் ஆகிவிடும். 0.1 வோல்ட் தோன்ற வேண்டிய இடத்தில் 0.091 வோல்ட்டே தோன்றும். உலையின் உண்மையான ஆற்றல், கருவி காட்டுவதைவிட மிகுதியாக இருக்கும். இயக்குபவர் ஆபத்தை உணராமலே இருக்கச் செய்யும் திசையில் அமைந்த பிழை இது.

அதே ஈரம் வேறோர் இடத்தில் படிந்தால் விளைவு நேர்மாறாகும். 300 வோல்ட் மின்வாய்க்கும் சேகரிக்கும் மின்வாய்க்கும் இடையே உள்ள காப்பு கசிந்து, அதன் தடை 10 லட்சம் கோடி ஓமாகக் குறைந்ததாகக் கொள்வோம். 10 லட்சம் கோடி என்பது மிகப் பெரிய எண்ணே. எனினும் 300 வோல்ட் அதன் வழியே செலுத்தும் மின்னோட்டம், அளக்க வேண்டிய அயனி மின்னோட்டத்தைப்போல் மூன்று மடங்கு! கதிர்வீச்சு அறவே இல்லாதபோதும் கருவி அது இருப்பதாகக் காட்டும்.

ஆகவே பிழை எத்திசையில் உள்ளது என்பதே அதன் இடத்தைக் கூறிவிடும். கதிர்வீச்சு மூலத்தை அகற்றியபின்னும் அளவு எஞ்சி நின்றால், உயர் மின்னழுத்தப் பக்கத்துக் கசிவை ஐயுற வேண்டும். சுழியம் சரியாக இருந்து, அளவு மட்டும் விகிதப்படி குறைந்தால் பெருந்தடையின் பக்கத்துக் கசிவைத் தேட வேண்டும்.

மின்காப்பின் தடையை அளக்க எளிய வழி ஒன்றுண்டு. கருவியின் உள்ளீட்டில் 100 பைக்கோஃபாரட் அளவுள்ள சிறந்த மின்தேக்கி ஒன்றை இணைத்து, அதற்கு 1 வோல்ட் மின்னேற்றம் தந்து, மூலத்தைத் துண்டித்துவிட வேண்டும். பின்னர் அளவு எவ்வளவு விரைவில் இறங்குகின்றது என்பதைக் கடிகாரம் கொண்டு நோக்க வேண்டும். 0.37 வோல்ட்டுக்கு இறங்க 100 வினாடி ஆயின் காப்பின் தடை ஒரு லட்சம் கோடி ஓம். பத்தே வினாடியில் இறங்கிவிட்டால் அது பத்திலொரு பங்காகக் குறைந்துவிட்டது. இச்சோதனையை ஒவ்வோர் ஆண்டும் கோடையில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் செய்து குறித்துவைத்தால், கருவியின் உடல்நிலை கண்கூடாகத் தெரியும்.

பரிகாரம் மூவகைப்படும். முதலாவது தூய்மை. காப்புப் பொருளைத் தூய ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். கழுவியபின் விரலால் தொடலாகாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, அதன் நிறம் மாறும்போது உலர்த்தியோ மாற்றியோ வைக்க வேண்டும். இரண்டாவது பொருள் தேர்வு. சாதாரண பேக்கலைட் பலகை ஈரத்தை ஏற்கும். டெஃப்ளான், பாலிஸ்டைரின், நீலக்கல் ஆகியன ஏற்பதில்லை. மூன்றாவது காப்பு வளையம். உயர் மின்னழுத்தத்திற்கும் சேகரிக்கும் மின்வாய்க்கும் இடையே ஓர் உலோக வளையத்தை அமைத்து, அதனைச் சேகரிக்கும் மின்வாயின் மின்னழுத்தத்திற்கு ஏறத்தாழச் சமமாக வைத்துவிட்டால், கசியும் மின்னோட்டம் வளையத்தோடு நின்று தரைக்குச் சென்றுவிடும். அளக்கும் வழியில் நுழையாது. கசிவைத் தடுக்க முயலாமல், தீங்கற்ற வழியில் திருப்பிவிடுவதே இதன் நுட்பம்.

மாதுங்காவின் ஆய்வுக்கூடங்களில் ஓர் எடுத்துக்காட்டு

இப்பிழை அணு உலைகளுக்கு மட்டுமே உரியது எனக் கருத வேண்டா. மாதுங்காவில், 1887-இல் தோன்றி 1923-இல் அங்கு இடம்பெயர்ந்த விக்டோரியா ஜுபிலி தொழில்நுட்பக் கழகமும் (இன்றைய வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகம்), 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கிய இரசாயனத் தொழில்நுட்பக் கழகமும் உள்ளன. இத்தகைய இடங்களிலும், செம்பூர்ப் பகுதியின் இரசாயன ஆலைகளிலும், கரைசலின் அமிலத் தன்மையை அறியும் பி.எச். மீட்டர் அன்றாடக் கருவி. அதுவும் ஒரு நுண் மின்னழுத்தமானியே.

பி.எச். மீட்டரின் கண்ணாடி மின்வாயின் தடை ஏறத்தாழ 10 கோடி ஓம் இருக்கலாம். 25 பாகை செல்ஷியஸ் வெப்பநிலையில் பி.எச். எண் ஒன்று மாறினால் மின்னழுத்தம் 59 மில்லிவோல்ட் மாறும். மின்வாயின் வடமும் இணைப்பியும் ஈரம் ஏற்று, அவற்றின் காப்புத்தடை 100 கோடி ஓமாகக் குறைந்தால் என்னாகும்? பி.எச். 7 உள்ள கரைசலில் மின்னழுத்தம் சுழியம் ஆதலால் பிழை தோன்றாது. பி.எச். 4 உள்ள கரைசலில், 177 மில்லிவோல்ட் தோன்ற வேண்டிய இடத்தில் 161 மில்லிவோல்ட்டே தோன்றும். மீட்டர் 4.27 எனக் காட்டும். பி.எச். 7 கரைசல் ஒன்றைக்கொண்டு மட்டும் சரிபார்ப்பவர் இப்பிழையை ஒருபோதும் காணார். இரு வேறு கரைசல்களால் சரிபார்க்க வேண்டும் என விதித்திருப்பதன் காரணம் இதுவே. மின்வாய் பழுதென்று புதிது வாங்குமுன் இணைப்பியை உலர்த்திப் பார்ப்பது செலவையும் குறைக்கும்.

வெப்ப மின்னழுத்தம்

மூலத்தின் தடை சிறிதாக இருந்து, அளக்க வேண்டிய மின்னழுத்தமும் மிகச் சிறிதாக இருக்கும்போது வேறொரு பகை தோன்றும். இரு வேறு உலோகங்கள் இணையும் இடங்களில் வெப்பநிலை வேறுபடுமாயின் அங்கு மின்னழுத்தம் பிறக்கும். செம்பும் கான்ஸ்டன்டனும் இணையும் இடத்தில் இது பாகைக்கு ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட். தூய செம்பும் செம்பும் இணைந்தால் மிகச் சிறிது. ஆனால் ஆக்ஸைடு படிந்த செம்பு, தூய செம்போடு தொடும் இடத்தில் அது பாகைக்கு 1,000 மைக்ரோவோல்ட் வரை எட்டக்கூடும். கடற்காற்றில் கருத்துப்போன செம்பு முனை எத்துணைத் தீங்கானது என்பதை இதனால் அறியலாம். கையால் தொட்ட முனை ஆறும் வரையில் எண் நகர்வதையும், மின்விசிறியை ஓட்டியவுடன் அளவு ஆடுவதையும் காண்பவர், கருவியைக் குறைகூறுமுன் முனைகளைத் துலக்கித் துணியால் மூடிப் பார்க்க வேண்டும்.

வெப்ப மின்னழுத்தத்தை நீக்கப் பழைய முறையே சிறந்தது. ஒருமுறை அளந்தபின் மூலத்தின் திசையை மாற்றி மீண்டும் அளக்க வேண்டும். முதலில் 105 மைக்ரோவோல்ட்டும், திசை மாற்றியபின் எதிர்த்திசையில் 95 மைக்ரோவோல்ட்டும் காட்டினால், உண்மையான அளவு 100. எஞ்சிய 5 வெப்பத்தால் வந்தது. மூலம் திசை மாறும். வெப்ப மின்னழுத்தம் மாறாது. இவ்வேறுபாடே அதனைக் காட்டிக்கொடுக்கின்றது.

தரையும் இரைச்சலும்

தரை என்பது எங்கும் ஒரே மின்னழுத்தத்தில் உள்ளதென நாம் கொள்கிறோம். நகரங்களில் அஃது உண்மையன்று. இந்தியாவின் முதல் மின்சார இரயில் 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா முனையத்திற்கும் குர்லாவிற்கும் இடையே, 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடியது. அம்முறை 2016-ஆம் ஆண்டு வரையில் நகரின் பாதைகளில் இருந்து, பின் முற்றிலும் 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்திற்கு மாறியது. இத்தகைய பெரு மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே திரும்பும்போது ஒரு பகுதி மண்ணிலும் பாயும். ஆலைகளின் மோட்டார்களும் தம் பங்கிற்குத் தரையில் மின்னோட்டத்தைச் செலுத்துகின்றன. ஆதலின் ஒரே கட்டிடத்தின் இரு தரைமுனைகளுக்கிடையேயும் சிறு மின்னழுத்தம் இருத்தல் கூடும்.

கருவியையும் அளக்கப்படும் பொருளையும் இரு வேறு இடங்களில் தரையோடு இணைத்தால், அவ்விரு முனைகளுக்கு இடையிலான வேறுபாடும் அளவில் சேர்ந்துவிடும். எனவே மின்சுற்று முழுவதையும் ஒரே இடத்தில்தான் தரையோடு இணைக்க வேண்டும். காப்பு உறையையும் ஒரே முனையில் இணைப்பதே நன்று. ஆயினும் மின்வழங்கியின் பாதுகாப்புத் தரைக்கம்பியை இதற்காக எவரும் துண்டிக்கலாகாது. அக்கம்பி உயிரைக் காப்பது.

எண்காட்டு வோல்ட்மீட்டர்கள் பலவற்றில், உள்வரும் மின்னழுத்தம் குறித்த நேரம் வரையில் தொகுக்கப்பட்டுப் பின் எண்ணாக மாற்றப்படுகின்றது. இந்நேரம் 20 மில்லிவினாடியாகவோ அதன் மடங்காகவோ இருப்பின், 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கியின் ஓர் அலை முழுவதும் அதில் அடங்கி, மேடும் பள்ளமும் தமக்குள் நீங்கிவிடும். 60 ஹெர்ட்ஸ் வழங்கும் நாட்டிற்கெனச் செய்யப்பட்ட கருவியில் இந்நேரம் 16.7 மில்லிவினாடி. அதனை இங்கு மாற்றியமைக்காது பயன்படுத்தினால் கடைசி எண்கள் ஓயாது ஆடும். கருவியில் பழுதில்லை, அமைப்பே பொருந்தவில்லை.

பெருந்தடை மூலத்தோடு இணைந்த வடத்தை அசைத்தாலும் அளவு துள்ளும். வடத்தின் காப்பும் உறையும் உராய்ந்து மின்னேற்றம் பிறப்பதே காரணம். கிராஃபைட் பூச்சு உள்ள வடத்தைப் பயன்படுத்தி, அதனை அசையாது கட்டிவைக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்தபின்

வெளிச் சோதனைகள் யாவும் முடிந்து, பிழை உள்ளேதான் என உறுதியானபின் பெட்டியைத் திறக்கலாம். முதலில் மின்னிணைப்பை நீக்க வேண்டும். மின்தேக்கிகளில் எஞ்சியுள்ள மின்னேற்றத்தைத் தடை ஒன்றின் வழியே இறக்கிவிட வேண்டும். குழல்கள் கொண்ட பழைய கருவிகளில் சில நூறு வோல்ட் தேங்கியிருக்கும்.

தேடுதலை எப்போதும் மின்வழங்கியில் தொடங்குக. மின்பகு மின்தேக்கிகள் வெப்பத்தில் உலர்ந்து, தம் கொள்ளளவை இழக்கும். அதனால் அலைவு மிகுந்து அளவு நடுங்கும். அடுத்து, பெருக்கியின் நடுக்கட்டத்தில் ஓர் இடத்தை அளந்து, பிழை அதற்கு முன்னரா பின்னரா என்று தீர்மானிக்க வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு முறையும் பாதியை விலக்கினால், பதினாறு கட்டங்கள் உள்ள கருவியிலும் நான்கே அளவுகளில் பிழையின் இடத்தை எட்டிவிடலாம்.

கரித்தடைகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தம் அளவில் மாறும். சுழல் மாற்றியின் தொடுமுனைகள் கடற்காற்றில் கருக்கும். தளர்ந்த ஈயப்பற்று, வெப்பத்தில் விலகியும் குளிரில் சேர்ந்தும் விட்டுவிட்டுப் பிழை தரும். இத்தகைய பிழையைக் காண, காப்புள்ள குச்சியால் ஒவ்வோர் இணைப்பையும் மெல்லத் தட்டியும், சிறு பகுதிகளை வெதுவெதுப்பான காற்றால் சூடேற்றியும் பார்க்க வேண்டும்.

மும்பையின் லாமிங்டன் சாலைக் கடைகளில் மின்னணு உறுப்புகள் யாவும் கிடைக்கும். தாராவியின் பட்டறைகளில் கழிக்கப்பட்ட கருவிகள் பிரிக்கப்பட்டு, பயனுள்ள பகுதிகள் மீட்கப்படுகின்றன. வீணாவதைப் பயனாக்கும் இவ்வுழைப்பு போற்றத்தக்கது. ஆனால் பழைய கருவியிலிருந்து எடுத்த பெருந்தடையை அளந்து பாராமலும், மேற்பரப்பைத் துலக்காமலும் நுண்கருவியில் பொருத்துதல் ஆகாது. மாற்றிகள், உலோகப் பெட்டிகள், மின்மாற்றிகள் ஆகியவற்றை நன்கு சோதித்தபின் மீண்டும் பயன்படுத்தலாம்.

அளவிற்கு ஆதாரம்

பழுதை நீக்கியபின், கருவி கூறுவது உண்மைதானா என்று எதைக்கொண்டு அறிவது? முற்காலத்தில் வெஸ்டன் திட்ட மின்கலம் இதற்கு உதவியது. 20 பாகை வெப்பநிலையில் அது 1.0186 வோல்ட் தரும். வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட் குறையும். அதிலிருந்து மின்னோட்டம் எடுக்கலாகாது, சாய்க்கவும் ஆகாது. பின்னர் ஸீனர் டயோடு கொண்ட திட்டக் கருவிகள் அதன் இடத்தைப் பெற்றன.

இவையும் காலத்தால் நகர்பவையே. நகராத அளவை ஜோசப்ஸன் 1962-ஆம் ஆண்டில் கூறிய விளைவு தந்தது. மிகைக்கடத்திகள் இரண்டிற்கு இடையே மெல்லிய காப்புப் படலம் வைத்து, நுண்ணலையைப் பாய்ச்சினால், தோன்றும் மின்னழுத்தம் அலையின் அதிர்வெண்ணையும் இயற்கையின் இரு மாறிலிகளையும் மட்டுமே பொறுத்திருக்கும். 1990-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் வோல்ட்டை இவ்வாறே மெய்ப்பிக்கின்றனர். 2019-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் அம்மாறிலிகளின் மதிப்பு வரையறையாகவே நிறுவப்பட்டது. நம் நாட்டில் புது தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம் இத்திட்ட அளவைக் காத்து வருகின்றது. அங்கிருந்து படிப்படியாக ஒப்பிட்டு வரும் சங்கிலியின் கடைசிக் கண்ணியே, மாதுங்காவின் ஆய்வு மேசையில் உள்ள வோல்ட்மீட்டர்.

குறிப்பேட்டின் அருமை

அணு உலைகளில் இன்றியமையாத அளவு ஒன்றிற்குப் பொதுவாக மூன்று தனிக்கருவிகள் வைக்கப்படுகின்றன. அவற்றுள் இரண்டு ஒத்துக் கூறினால் அதன்படி செயல் நிகழும். ஒன்று பிழைபட்டாலும் தீங்கு நேராது. இம்முறை ஒரு கருவியின் தனிப் பழுதிலிருந்து காக்கும். ஆனால் மூன்றும் ஒரே அறையில், ஒரே மழைக்காலத்து ஈரத்தில், ஒரே வகை வடங்களோடு இருந்தால், மூன்றும் ஒரே திசையில் பிழைபட்டு ஒத்துக்கூறவும் கூடும். அப்பிழையைக் காட்டவல்லது கருவியின் குறிப்பேடு ஒன்றே. சுழியம் எவ்வளவு நகர்ந்தது, காப்பின் தடை எவ்வளவு, அறையின் ஈரம் எவ்வளவு, எந்த உறுப்பு எப்போது மாற்றப்பட்டது என்பவற்றை நாளிட்டு எழுதி வந்தால், ஓராண்டில் அதன் போக்கு விளங்கும். ஜூலையில் தோன்றி அக்டோபரில் மறையும் பிழை, உறுப்பின் பழுதன்று, ஈரத்தின் விளைவு. ஆண்டு முழுதும் ஒரே திசையில் வளரும் பிழை, முதுமையுறும் உறுப்பினது. நாளொன்றுக்கு ஒரு வரி எழுத ஆகும் காலம் ஒரு நிமிடமே. அந்த ஒரு வரி இல்லாமையால், நல்ல உறுப்புகளைக் கழற்றி வீசுவதும், கெட்ட கருவியை நம்பி உலையையும் ஆலையையும் நடத்துவதும் நேர்கின்றன.